டப்பாவை முதலில் கையில் தூக்கிப் பாருங்கள்

கேள்வி இது: "மதுரைக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மா வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்து விற்கிறார். அரை லிட்டர் 350 ரூபாய். மளிகைக் கடையில் அதே அளவு 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்க அதில் என்ன இருக்கிறது? நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகளுக்குத் தரலாமா?"

வாங்குங்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதில்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். கடைசி எட்டு ஆண்டுகள் ஐஸ்கிரீம் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகு, சிறிய அளவில் ஐஸ்கிரீம் செய்கிற சிலருக்குப் பால், கொழுப்பு, சர்க்கரை விகிதக் கணக்கைப் போட்டுத் தருகிறேன். பெரிய ஆலை, சின்ன அடுப்படி இரண்டையும் உள்ளே நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் விலை. ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். லிட்டர் என்பது டப்பாவின் கொள்ளளவு. அதற்குள் பாலும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. கலவையைக் குளிர்வித்துச் சுழற்றும்போது காற்று உள்ளே போகிறது. போகத்தான் வேண்டும், காற்றே இல்லாவிட்டால் கரண்டி இறங்காது. எவ்வளவு போகிறது என்பதுதான் விஷயம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று பெயர் போட்டு விற்பதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும். காற்று புகாத கலவை ஒரு லிட்டர் சுமார் 1,100 கிராம் இருக்கும். அப்படியென்றால் 525 கிராம் எடையுள்ள ஒரு லிட்டரில் பாதிக்கு மேல் காற்று. இது சட்டத்துக்கு உட்பட்டதுதான். யாரும் ஏமாற்றவில்லை.

சிறிய இயந்திரத்தில் நான்கைந்து லிட்டராகச் சுழற்றுகிறவர்களின் ஐஸ்கிரீமில் அவ்வளவு காற்று ஏறாது. லிட்டருக்கு 750, 800 கிராம் நிற்கும். இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். கடை டப்பா அரை லிட்டர், குறைந்தபட்ச எடையில் இருந்தால் 262 கிராம், 150 ரூபாய். 100 கிராமுக்கு 57 ரூபாய். அந்த அம்மாவின் டப்பா 400 கிராம் இருந்தால், 350 ரூபாய்க்கு 100 கிராம் 87 ரூபாய் 50 காசு. இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது ஒன்றரை மடங்காக இறங்கிவிட்டது. அந்த மீதி அரை மடங்குக்கு என்ன கிடைக்கிறது என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும். ஆகவே கடைக்குப் போனதும் டப்பாவைக் கையில் தூக்கிப் பாருங்கள். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்தே பாருங்கள். விலை அதிகம், எடையோ பஞ்சு மாதிரி என்றால், அழகான லேபிளுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

கடை டப்பாவில் இன்னொன்றையும் பாருங்கள். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதியிருந்தால் அது ஐஸ்கிரீம் அல்ல. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்த்தது. அதைத் தின்று முடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு தடவியது போல ஒரு படலம் நிற்பதைச் சில சமயம் உணரலாம். பால் கொழுப்பு நம் வாய்ச் சூட்டிலேயே உருகிவிடும். சில தாவரக் கொழுப்புகள் அப்படி உருகுவதில்லை. விலையை ஒப்பிடும்போது ஐஸ்கிரீமை ஐஸ்கிரீமோடுதான் ஒப்பிட வேண்டும்.

மதுரையில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சிறிய அளவில் கைப்பக்குவமாகச் செய்வதைச் சொல்லும் 'ஆர்ட்டிசன்' என்ற சொல் இப்போது வந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த ஊர் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டா வாங்குங்கள். பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டிய பால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அந்த ஐஸ்கிரீமைக் கலக்காமல் ஓரத்தில் இருந்து கொஞ்சம் எடுத்துத் தனியாகச் சுவைத்துப் பாருங்கள். வெள்ளை நிறம் இருக்காது. பால் அடுப்பில் நின்று சுண்டியதால் வந்த மங்கலான பழுப்பு. பால்கோவா கிண்டும் வீட்டு வாசலில் வரும் வாசனை. எசன்ஸ் இல்லாமல் பாலே ஒரு சுவையாக மாறி நிற்பதை அங்கே அறியலாம். நல்ல ஜிகர்தண்டாக் கடைகளில் அந்த ஐஸ்கிரீமைத் தாங்களே செய்கிறார்கள். அதன் சுவையை நாக்கில் ஏற்றிக்கொண்டு, பிறகு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள்.

போனதும் எதை முதலில் கேட்பது? இருப்பதிலேயே சாதாரணமான ஒன்றை. வெறும் பால் ஐஸ்கிரீம் இருந்தால் அது; இல்லாவிட்டால் வெனிலா. சாக்லேட்டும் காபியும் பல குற்றங்களை மறைத்துவிடும். பாலில் ஃப்ரீசர் வாடை ஏறியிருந்தால், பால் பவுடர் அதிகமாகி மாவு போல ஒட்டினால், சர்க்கரை மிஞ்சினால், வெறும் பாலில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அது நன்றாக இருந்தால் மற்றவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சுவைப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. ஃப்ரீசரில் இருந்து எடுத்தவுடன் வாயில் வைக்காதீர்கள். அது பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும், நாக்கு மரத்துப்போகும். ஐந்து நிமிடம் வெளியே வைத்தால், கரண்டி லேசாக வழுக்கிக்கொண்டு இறங்கும் பதம் வரும். பிரியாணியும் காரச்சட்னியும் சாப்பிட்ட கையோடு வேண்டாம். ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துவிட்டு, சின்னக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, மெல்லாமல் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். வழவழவென்று கரைந்தால் நல்லது. நறநறவென்றால் பனித்துகள் பெரிதாகிவிட்டது. துகள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்துவிட்டாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். எந்தக் கருவியும் வேண்டாம். மணல் போல, கரையாத நெருடலாக இருந்தால் அது வேறு. பாலில் உள்ள சர்க்கரை தனியாகப் பிரிந்து படிகமானது. பால் பவுடர் அதிகம் போட்டதன் அடையாளம்.

இந்தப் பனித்துகள்தான் சிறு தயாரிப்பாளர்களின் பெரிய எதிரி. இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய காட்சி உதவும். சிறுவயதில் கோடை விடுமுறைக்குத் திருமங்கலத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போவோம். அங்கே ஒரு மர வாளி இருந்தது. நடுவில் ஈயம் பூசிய குவளை, அதற்குள் மரத் துடுப்பு, மேலே கைப்பிடி. குவளையைச் சுற்றி உடைத்த ஐஸ் ஓர் அடுக்கு, கல் உப்பு ஓர் அடுக்கு என்று போட்டு நிரப்புவார் சித்தப்பா. உப்புப் பட்ட ஐஸ் உருகுகிறபோது சுற்றியுள்ள சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வெறும் ஐஸ் தராத குளிர் வரும். பிள்ளைகள் முறைபோட்டுச் சுற்றுவோம். முதல் பத்து நிமிடம் கைப்பிடி லேசாக ஓடும். பிறகு கனக்கும். பிறகு இரண்டு பேர் சேர்ந்தாலும் நகராது. அப்போது சித்தப்பா மூடியைத் திறப்பதற்கு முன், அதைச் சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரைத் துணியால் மூன்று முறை துடைப்பார். ஒரு வருடம் அவர் இல்லாதபோது நாங்களே துடைக்காமல் திறந்துவிட்டோம். ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. முழுக் குவளையும் கரித்தது. சித்தி ஒன்றும் சொல்லாமல் அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டியது இன்றும் நினைவிருக்கிறது.

அந்தக் கைப்பிடி செய்த வேலையைத்தான் இன்றைய இயந்திரமும் செய்கிறது. குளிர்ந்த சுவரில் உறையும் மெல்லிய ஏட்டைத் துடுப்பு சுரண்டிக்கொண்டே இருக்கிறது. பனித்துகள் வளர நேரம் கிடைப்பதில்லை. இயந்திரத்தில் இருந்து வரும்போது ஐஸ்கிரீம் இளகலாக, குழைந்த சாதம் போல இருக்கும். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. பெரிய ஆலைகளில் கடுங்குளிர் அறை இருக்கிறது. டப்பா உள்ளே போன சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். வீட்டில் செய்கிறவரிடம் இருப்பது ஒரு சாதாரணப் பெட்டி ஃப்ரீசர். மெதுவாக உறைகிறது, மெதுவாக உறைந்தால் துகள் பெரிதாகிறது. இதனால் ஒரு யோசனை: சிறு தயாரிப்பாளரிடம் ஒரு லிட்டர் டப்பா வாங்குவதைவிட, கால் லிட்டர் டப்பா நான்கு வாங்குங்கள். சின்ன டப்பா நடுமையம் வரை சீக்கிரம் உறைந்திருக்கும். அதே கலவை, அதே நாள். ஆனால் வாயில் வித்தியாசம் தெரியும்.

அதனால்தான் தேதி முக்கியம். "என்றைக்குச் செய்தது?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆலை ஐஸ்கிரீம் பல மாதம் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. சின்ன அடுப்படியின் அழகே அது நேற்றோ முந்தாநாளோ செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. இரண்டு மாதம் பழையது என்றால், அவரிடம் வாங்குவதற்கான முக்கியக் காரணமே போய்விட்டது.

அவரிடம் கேட்க இன்னொரு கேள்வி: "கலவையை எப்போது காய்ச்சினீர்கள்?" இட்லிக்கு மாவரைத்தவுடன் ஊற்றிவிட முடியாதல்லவா, அதுபோல ஐஸ்கிரீம் கலவைக்கும் ஓர் இரவு தேவை. காய்ச்சி, உடனே குளிரவைத்து, 4 டிகிரியில் குறைந்தது நான்கு மணி நேரமாவது வைத்திருந்தால் கொழுப்பு இறுகி, காற்றைப் பிடித்து வைக்கும் பக்குவத்துக்கு வரும். "நேற்று ராத்திரி காய்ச்சி வைத்தோம், காலையில் சுழற்றினோம்" என்று பதில் வந்தால் வேலை தெரிந்தவர் என்று அர்த்தம்.

சுவைகளுக்கு வருவோம். இங்கேதான் உள்ளூர்க்காரர்கள் ஆலையைத் தோற்கடிக்கிறார்கள். ஆலைக்கு ஆண்டு முழுவதும் ஒரே சுவை வேண்டும். உங்கள் தெரு அம்மாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சித்திரை, வைகாசியில் நுங்கு, அதே காலத்தில் சில வாரங்களே வரும் இமாம்பசந்த் மாம்பழம், பண்ருட்டிப் பலா, சிறுமலை வாழை, விருப்பாட்சி வாழை. சிறுமலை வாழைப்பழத்தில் செய்த ஐஸ்கிரீமை ஒரு முறைதான் சாப்பிட்டிருக்கிறேன்; பஞ்சாமிர்தத்தின் வாசனை அதில் பாதி இருந்தது. தை மாதத்தில் ஒருவர் மாம்பழ ஐஸ்கிரீம் விற்றால், அது கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலையில் இருந்து டின்னில் வந்த பழக்கூழாக இருக்கலாம். அது தப்பில்லை. ஆனால் அதற்கு இமாம்பசந்த் விலை கொடுக்கக் கூடாது.

பழத்தை ஐஸ்கிரீமில் சேர்ப்பது எளிதல்ல, அதனால்தான் செய்து காட்டுகிறவர் மேல் எனக்கு மதிப்பு. நுங்கு முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். துண்டாக்கி அப்படியே போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு ஐஸ் கட்டி, பல் கூசும். தெரிந்தவர்கள் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் போடுவார்கள். பச்சை அன்னாசியைப் பாலில் சேர்த்தால் சிறிது நேரத்தில் கசப்பு வரும். அதில் உள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. வேகவைத்துச் சேர்க்க வேண்டும். இளநீர் ஐஸ்கிரீம் என்றால் சுவை தருவது இளநீர் அல்ல, வழுக்கை. 1984-இல் மும்பை ஜூஹுவில் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய நேச்சுரல்ஸ் நிறுவனம் இளநீர் ஐஸ்கிரீமால் நாடு முழுவதும் பெயர் பெற்றது. அதை நிறுவிய ரகுநந்தன் காமத், மங்களூருக்குப் பக்கத்து முல்கியில் ஒரு பழ வியாபாரியின் மகன். பழத்தைத் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்லும் வீட்டில் இருந்து வந்தவர். நம் பக்கத்தில் அருண் ஐஸ்கிரீமும் 1970-இல் சென்னை ராயபுரத்தில் ஒரு சிறிய இடத்தில் குச்சி ஐஸ் செய்து தொடங்கியதுதான். சின்னது என்று யாரையும் ஒதுக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது கருப்பட்டி. சென்ற ஆண்டு என்னிடம் கணக்குக் கேட்டு வந்த ஒரு பெண் உடன்குடிக் கருப்பட்டி வரவழைத்திருந்தார். முதல் முறை கொதிக்கும் பாலிலேயே தட்டிப் போட்டார். பால் திரிந்து, மோர் போலப் பிரிந்தது. மூன்று லிட்டர் பால் வீண். இரண்டாவது முறை கருப்பட்டியைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகாக்கி, நன்றாக ஆறவிட்டு, ஆறிய கலவையில் கடைசியாக ஊற்றினார். திரியவில்லை. ஆனால் உறைந்த பிறகும் ஐஸ்கிரீம் நெகிழ்ந்துகொண்டே இருந்தது. பாகில் இருந்த இனிப்பைக் கழிக்காமல் பழைய அளவு சர்க்கரையையும் போட்டிருந்தார். சர்க்கரை ஏற ஏற உறையும் புள்ளி இறங்கும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, சுக்கு ஒரு சிட்டிகை, உப்பு ஒரு கல் சேர்த்து மூன்றாவது முறை செய்தார். துடுப்பில் ஒட்டியிருந்ததை வழித்து ஒரு எவர்சில்வர் கரண்டியில் கொடுத்தார். முதலில் பால், பிறகு கருப்பட்டியின் புகைவாசம், கடைசியில் தொண்டையில் சுக்கு. அந்த வரிசையை ஓர் ஆலையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: உண்மையான பிஸ்தா ஐஸ்கிரீம் மங்கிய, சற்றே பழுப்பேறிய பச்சையாக இருக்கும். கிளிப்பச்சை என்றால் அது சாயம். வெனிலாவில் கறுப்புப் புள்ளி இருந்தால் மட்டும் மயங்காதீர்கள். சாறு எடுத்த பிறகு மிஞ்சும் விதையையும் தூவலாம். மணம்தான் சாட்சி.

"நாங்கள் கெட்டிப்படுத்தும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதை வைத்து மட்டும் தரத்தை முடிவு செய்யாதீர்கள். லேபிளில் 412 என்ற எண் இருந்தால் அது குவார் பசை. நாம் பொரியல் செய்யும் கொத்தவரையின் விதையில் இருந்து எடுப்பது. 407 கடல்பாசியில் இருந்து வருவது. ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் போடுகிற ஊர்க்காரர்கள் பிசினைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. துளி அளவு போட்டால் பனித்துகள் வளராமல் காக்கும். அளவு மீறினால்தான் கெடுதல்: ஐஸ்கிரீம் கரையாமல் பசை போல இழுபடும். ஒரு கரண்டியைத் தட்டில் வைத்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பாயசம் போலப் பரவினால் சரி. தண்ணீர் தனியாக ஒதுங்கி, மேலே நுரை மட்டும் குன்றாக நின்றால் கலவைக் கணக்கில் கோளாறு.

இனி, பிள்ளைகளுக்குத் தரலாமா என்ற கேள்வி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது. தூங்கும், உருகியதும் எழும். ஆகவே கலவையைச் சரியாகக் காய்ச்சியிருக்க வேண்டும், பச்சை முட்டை சேர்த்திருக்கக் கூடாது, காய்ச்சியதை மணிக்கணக்கில் வெளியே ஆறவிடாமல் ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து வேகமாகக் குளிரவைத்திருக்க வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 14 இலக்க எண் டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். கரண்டியை எங்கே வைக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். காலையில் பிடித்த தண்ணீரிலேயே சாயங்காலம் வரை கரண்டி மிதந்தால், அங்கே டப்பாவில் அடைத்ததை மட்டும் வாங்குங்கள். வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாத பிள்ளை என்றால் ஒரே இயந்திரத்தில் எல்லாச் சுவையும் ஓடுகிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். சின்ன இடத்தில் பெரும்பாலும் ஒரே இயந்திரம்தான்.

மின்வெட்டு நாளில் என்ன செய்கிறார் என்பதும் கேட்கத்தக்கது. உருகி மறுபடி உறைந்த டப்பாவை அடையாளம் காண்பது எளிது: மூடியின் உட்புறம் பனி மொத்தமாகப் படிந்திருக்கும், ஐஸ்கிரீம் விளிம்பில் இருந்து விலகிக் குழிந்திருக்கும். அப்படிப்பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல தயாரிப்பாளர் வாதம் செய்ய மாட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் பாதிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். சித்திரை வெயிலில் பைக்கின் முன்கொக்கியில் பாலித்தீன் பையில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் வந்தால், எவ்வளவு பாடுபட்டுச் செய்ததும் வீணாகும். தெர்மாகோல் பெட்டி எடுத்துப் போங்கள்; இல்லாவிட்டால் டப்பாவைச் செய்தித்தாளில் நான்கைந்து சுற்று சுற்றித் துணிப்பையில் வையுங்கள். ஃப்ரீசரில் கதவோரம் வேண்டாம், உள்ளே ஆழத்தில் வையுங்கள். மீன் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பால் கொழுப்பு வாடையைப் பிடித்துக்கொள்ளும். திறந்த டப்பாவின் மேற்பரப்பில் ஒரு பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல அழுத்தி மூடினால் பனி படியாது. ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லாமல், அடியில் நறநறத்ததா, இனிப்பு தூக்கலா, எந்த டப்பா, எந்தத் தேதி என்று சொல்லுங்கள். அவரிடம் என் மாதிரி ஆய்வகக்காரர் யாரும் இருக்க மாட்டார். அடுத்த முறை பால் சுண்டவைக்கும்போது அடுப்படியில் நின்று அவர் நினைத்துக்கொள்வது நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான்.